மணிச்சத்து ஏரிக்குப் போகாமல் இருக்க: பூங்கா மண்ணில் செய்யும் தவறுகள்

ஏரியில் பாசி படர்ந்தால் சாக்கடையைத் திட்டுவோம். நியாயம்தான். ஆனால் குடியிருப்புப் புல்வெளியிலிருந்தும் பூங்காவிலிருந்தும் மழைநீர் வடிகால் வழியாகப் பாசிக்குத் தீனியான மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அதே ஏரிக்குத்தான் போகிறது. மண்ணில் எதையாவது கலந்து இதைத் தடுக்கலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் முதல் மூட்டையிலேயே சறுக்குகிறார்கள். அது தொழுவுர மூட்டை.

இயற்கை உரம்தானே, என்ன கெட்டுவிடும்? புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) கணக்கிட்டுத் தொழுவுரமோ மண்புழு உரமோ போட்டால், மணிச்சத்து தேவைக்கு மேல் விழுந்துவிடும். அது மேல்மண்ணிலேயே தங்கி வருடா வருடம் ஏறும். அமெரிக்காவில் மழைநீரை வடிகட்டவென்றே அமைத்த தோட்டங்கள் சிலவற்றில், கம்போஸ்டைத் தாராளமாகக் கலந்ததால், உள்ளே வந்த நீரைவிட வெளியேறிய நீரில் பாஸ்பரஸ் கூடுதலாக இருந்தது. கட்டுமான வேலையில் இறுகிப்போன மண்ணை இளக்கக் கம்போஸ்ட் நல்லது. பாஸ்பரஸைப் பிடித்துவைக்க ஆகாது.

மண் பரிசோதனை செய்யாமல் ஆரம்பிப்பது அடுத்த தவறு. தமிழ்நாட்டு ஆய்வகக் கணக்கில் ஹெக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டினால் மணிச்சத்து 'அதிகம்'. அங்கே 46 சதவீதம் மணிச்சத்துள்ள (P₂O₅ கணக்கில்) டி.ஏ.பி. உர (டை அமோனியம் பாஸ்பேட்) மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2005 முதல் புல்வெளிக்குப் பாஸ்பரஸ் உரம் போடவே மாநிலம் முழுக்கத் தடை. புதிதாகப் புல் வளர்ப்பவருக்கும், பரிசோதனையில் குறை தெரிந்தவருக்கும் விலக்கு உண்டு.

சரி, பிடித்துவைக்கும் பொருள்கள்? ஜிப்சம், படிகாரம், குடிநீர் சுத்திகரிப்பில் மிஞ்சும் படிகாரக் கசடு, இரும்புத்தூள். ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. கனமழையில் வடிகால் வாயிலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் நீர் பிடித்து அரைமணி நேரம் வையுங்கள். கலங்கலாகவே நின்றால் ஜிப்சத்துக்கு வேலை இருக்கிறது: அதன் கால்சியம் களித்துகள்களைத் திரளவைத்து மண் அரிந்து போவதைக் குறைக்கும். நீர் தெளிவாக இருந்தால் நிம்மதி அடைய வேண்டாம். கரைந்த பாஸ்பரஸ் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடிப்பதில், படிகாரத்திலும் அதன் கசடிலும் உள்ள அலுமினியமும் இரும்பும்தான் கெட்டி.

படிகாரம் மண்ணைப் புளிக்கவைக்கும். கார அமிலநிலை (pH) 5.5க்குக் கீழே போனால் அலுமினியமே கரைந்து வேரைத் தாக்கும். ஏற்கெனவே புளித்த செம்மண்ணில் இது வேண்டாத வம்பு. கசடு வாங்கினால் கன உலோகச் சோதனை இல்லாமல் கொட்டாதீர்கள். இரும்புத்தூளைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் போடுவதும் வீண்; காற்று புகாத ஈரத்தில், பிடித்த பாஸ்பரஸை இரும்பு திரும்ப விட்டுவிடும்.

பிடித்துவைக்கும் பொருள் அளவு மீறினால், மணிச்சத்து கிடைக்காமல் புல் பட்டினி கிடக்கும். புல் மெலிந்த இடத்தில் மண் அரிக்கும், பாஸ்பரஸ் மண்ணோடு போகும். எதைத் தடுக்கப் போனோமோ அதுவே நடக்கும்.

அப்புறம், சருகு. எங்கள் குடியிருப்பில் புல்லை வெட்டி, சருகோடு சேர்த்து வடிகால் ஓரமாகவே குவிப்பார்கள். ஐப்பசி மழை ஒன்று பெய்தால் போதும், டிகாக்ஷன் இறங்குவதுபோல் சத்தெல்லாம் அதிலிருந்து நேராக வடிகாலுக்குள் இறங்கும். ஜிப்சம் மூட்டைக்குப் பணம் வசூலிக்கும் முன் அந்தக் குவியலைத்தான் அகற்றச் சொன்னேன்.