பாத் நகரில் நிதானமாக ஒரு நாள்

லண்டன் பாடிங்டனிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேர ரயில் பயணத்தில் பாத் நகரை அடையலாம். பார்க்க வேண்டியவை யாவும் நடக்கும் தொலைவிலேயே இருப்பதால் வாகனம் தேவையில்லை. கூட்டம் சேருமுன் காலையிலேயே ரோமானியக் குளியல் மண்டபத்துக்குச் சென்றுவிடுங்கள். ஏறத்தாழ 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்துடன் நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கும் மேல் ஊறிவரும் நீர், பச்சை நிறப் பெருங்குளத்தில் மெல்லிய ஆவியை எழுப்பியபடி நிற்பதை அவசரமின்றிப் பார்க்க வேண்டும். அதில் இறங்க அனுமதியில்லை. நீராட விரும்புவோர் அருகிலுள்ள தெர்மே பாத் ஸ்பாவின் மொட்டைமாடிக் குளத்தை நாடலாம்.

மதியத்துக்குச் சாலி லன் உணவகமே என் தேர்வு. பஞ்சுபோன்ற பெரிய பன்னைக் குறுக்கே அரிந்து, வாட்டி, இலவங்கப்பட்டை வெண்ணெய் தடவித் தருவார்கள்; சூடு ஆறுமுன் உண்ணுங்கள். பிறகு, இருபுறமும் கடைகள் அமைந்த புல்ட்னி பாலத்தைப் பார்த்துவிட்டு, 30 வீடுகள் பிறைவடிவில் வளைந்து நிற்கும் ராயல் கிரசென்ட்டின் புல்வெளியில் மாலையைக் கழிக்கலாம்.