மலச்சிக்கலும் ஆசனவாய் வெடிப்பும்: என் அனுபவம்

சென்னையின் மே மாத வெயிலில், உடலின் நீரெல்லாம் வியர்வையாகவே போய்விடும் நாள்களில், எனக்கு மலச்சிக்கல் கடுமையாகி, ஆட்டுப் புழுக்கையைப் போல வறண்ட மலம் ஆசனவாயைக் கீறி இரத்தம் கசியத் தொடங்கியது. இரத்தம் கண்டதும் மருத்துவரிடம் சென்றேன். அதில் தாமதம் கூடவே கூடாது. பரிசோதித்த அவர், ஆசனவாய் வெடிப்புதான் என்று உறுதிசெய்தபின் காரணத்தை விளக்கினார். ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் முக்கிய வேலை, சிறுகுடலிலிருந்து வரும் கூழிலுள்ள நீரை உறிஞ்சுவது. மலம் அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு இறுகும்.

காலை உணவு இரைப்பையை நிரப்பியதும் பெருங்குடல் தானாகவே சுருங்கித் தள்ளும் என்பதால், இட்லி சாப்பிட்ட கையோடு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடாமல், கழிவறைக்கென்று நேரம் ஒதுக்கினேன். மேற்கத்தியக் கழிப்பறையில் பாதங்களுக்குக் கீழே சிறு முக்காலி வைத்து முழங்கால்களை உயர்த்தி அமர்ந்தபோது, மலக்குடலின் வளைவு ஓரளவு நிமிர்ந்து, முக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது. இரவில் இசப்கோல் உமியைப் பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்தேன். நீர் போதாவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும். வாழைத்தண்டுக் கூட்டும் கீரையும் மதியச் சாப்பாட்டில் நிலையாக இடம்பிடித்தன. அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி அதில் அமர்ந்தது வலியைத் தணித்தது. சில வாரங்களில் வெடிப்பும் ஆறியது.