மங்கிப்போன குரோம்: பீன்யாவுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பழைய பத்மினி காரோ அம்பாசடரோ, அதில் மின்னுவதெல்லாம் குரோம் கிடையாது. எது என்ன உலோகம் என்று தெரியாமல் மொத்தமாக மூட்டை கட்டி, பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள பிளேட்டிங் (முலாம் பூசும்) கடையில் கொடுத்தால் பாதி சாமான் கரைந்து திரும்பும்.

பம்பரில் காந்தம் கப்பென்று பிடிக்கும், அது இரும்பு. கதவுக் கைப்பிடியும் டெயில் லேம்ப் சட்டமும் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு: காந்தம் ஒட்டாது, ஆனால் கையில் எடுத்தால் கனக்கும். கண்ணாடியைச் சுற்றி ஓடும் பட்டையில் ஒட்டாமல், தூக்கினால் இறகு மாதிரி இருந்தால் அலுமினியம். லேசாக ஒட்டுகிறது, எங்கும் உரியவில்லை, துருவும் இல்லை என்றால் ஸ்டெயின்லெஸ். அதற்கு முலாமே வேண்டாம். ஒடுக்கு எடுத்து, 400, 600, 1000, 1500 என்று வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பஃப் (சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகு) பிடித்தால் புதுசாகிவிடும்.

அடுத்து, குரோம் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குரோம் லேசான நீலம் அடிக்கும். அதன் அடியில் இருக்கும் நிக்கல் சற்றே மஞ்சள். பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் திட்டு தெரிந்தால் அங்கே குரோம் போய்விட்டது, எந்தப் பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது. நீலம் அப்படியே இருந்து, நடுவில் பழுப்புப் புள்ளிகள் மட்டும் என்றால் வீட்டிலேயே மீட்கலாம்.

அதற்குச் சமையலறை அலுமினியம் ஃபாயில் போதும். உள்ளங்கை அளவு கிழித்துக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். ஒரு நிமிடத்தில் கறுப்புச் சேறு மாதிரி வரும். துடைத்துவிட்டுத் திரும்பத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறாது. துரு மட்டும் பெயர்ந்து வரும். பிடிவாதமான துரு என்றால் 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, துணியை நனைத்து அரை மணி நேரம் போர்த்தி வையுங்கள். பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து, மெழுகு பூசிவிடுங்கள். குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. அவற்றை மெழுகு அடைத்தால்தான் மழைத் தண்ணீர் இரும்பைத் தொடாது. துத்தநாகச் சாமானில் இந்த ஆசிட் வேண்டாம், அரித்துவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எதிலுமே தொடாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக், துருவோடு சேர்த்துக் குரோமையும் தின்றுவிடும்.

மஞ்சள் தெரிகிறது, உரிகிறது, கொப்புளம் விட்டிருக்கிறது என்றால் மறுமுலாம்தான். வீட்டில் குரோம் தொட்டி வைக்கும் ஆசை வேண்டாம். அந்தத் தொட்டியில் இருக்கும் ஆறிணைதிறக் குரோமியம் (ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்) புற்றுநோய் உண்டாக்கும் சரக்கு. குரோம் ஸ்ப்ரேயும் பரிந்துரைக்க முடியாது. வெள்ளிப் பெயின்ட் மாதிரிதான் இருக்கும், பெட்ரோல் பட்டால் போய்விடும்.

கழற்றும்போது போல்ட்டுகளுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். வார்ப்புச் சாமானின் பின்னால் இருக்கும் திருகுக் கம்பி அவசரப்பட்டால் ஒடியும், ஒடிந்தால் வேலை இரட்டிப்பு. பெங்களூர் சிவாஜி நகர் குஜரியில் (பழைய சாமான் சந்தையில்) உரியாத பம்பர் கிடைத்தால் விடாதீர்கள். மறுமுலாமைவிட அது நல்ல வழி.

பீன்யாவில் பிளேட்டிங் யூனிட்டுகளுக்குப் பஞ்சமில்லை, வேலையின் தரம்தான் வேறுபடும். மேலே இருக்கும் குரோம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பளபளப்பையும் பாதுகாப்பையும் தருவது அடியில் உள்ள நிக்கலும், அதற்கும் அடியில் பஃப் பிடித்த செம்பும். ஆகவே கடைக்காரரிடம் "குரோம் நல்லா போடுவீங்களா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. "காப்பர் போட்டுப் பஃப் பண்ணுவீங்களா? நிக்கல் தொட்டியில எத்தனை நிமிஷம்?" என்று கேளுங்கள். வழக்கமான கரண்டில் 25 மைக்ரான் நிக்கல் ஏற ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். "அஞ்சு நிமிஷம் சார், பளபளன்னு வரும்" என்று பதில் வந்தால் பம்பரைத் திருப்பி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பளபளப்பு வரும்தான். ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

பம்பரில் ஒடுக்கு இருந்தால் முதலில் பழைய முலாமைக் கழற்றச் சொல்லுங்கள், பிறகு டிங்கரிங். பட்டி (பெயின்ட்டுக்கு முன் பூசும் புட்டி) வைத்துச் சமன் செய்யவே கூடாது. பட்டியில் கரண்ட் பாயாது, அங்கே முலாம் ஏறாது. தட்டித்தான் எடுக்க வேண்டும். செம்பு போட்டுப் பஃப் பிடித்ததும், நிக்கலுக்கு அனுப்பும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். செம்பில் தெரியும் குழி குரோமில் இரண்டு மடங்காகத் தெரியும்.

துத்தநாகக் கைப்பிடியில் குழிகள் இருந்தால் அது தனி வித்தை. ஒவ்வொரு குழியிலும் உள்ள வெள்ளைப் பொடியைச் சின்ன பர் (சுழன்று குடையும்) முனையால் சுத்தமாகக் குடைந்து எடுக்க வேண்டும். முதல் செம்பைக் காரக் கரைசல் (ஆல்கலைன்) தொட்டியில்தான் போட வேண்டும். ஆசிட் செம்புத் தொட்டியில் நேராக முக்கினால் வார்ப்பே அரிக்கும். அந்தச் செம்பின் மேல் ஈயப் பற்று வைத்துக் குழியை நிரப்பி, ராவி, மறுபடி செம்பு. சாதாரண சால்டர் 190 டிகிரிக்குள் உருகும், வார்ப்பு உருக 380 வேண்டும். அதனால் பயமில்லை, டார்ச்சை நேராகக் காட்டாத வரைக்கும். இதையெல்லாம் செய்ய ஒப்புக்கொள்ளும் கடை குறைவு. ஒப்புக்கொண்டவரிடம் பேரம் பேசாதீர்கள்.

அலுமினியப் பட்டையைத் தவறியும் இந்த மூட்டையில் சேர்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் காஸ்டிக் சோடா தொட்டியில் விழுந்தால் நுரைத்துக் கரையும். அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் ஆக்சைடு படலம் உண்டாக்கும் வேலை) செய்பவரிடம் தனியாகக் கொடுங்கள்.

பம்பர் திரும்பி வந்ததும் முன்பக்கத்தை ரசித்தது போதும், திருப்பிப் போடுங்கள். உட்பக்கத்துக்குக் கரண்ட் சரியாகப் போகாது, நிக்கல் மெல்லிசாகத்தான் ஏறியிருக்கும். துரு அங்கிருந்துதான் கிளம்பும். 320 பேப்பரில் லேசாகச் சொரசொரப்பாக்கி, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட்டு, மேலே கறுப்புப் பெயின்ட். பிராக்கெட் தொடும் இடத்தில் மெல்லிய ரப்பர் வாஷர், போல்ட்டு மரைக்குக் கொஞ்சம் கிரீஸ். முழுவதும் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.