பாவாடை நாடா இறுகும் வாரம்: வயிற்று உப்புசத்தைக் கணக்குப் பிடிப்பது எப்படி?

பாம்பன் பக்கம் எங்கள் வீட்டு ஆண்கள் காலண்டரில் முதலில் தேடுவது அமாவாசை, பௌர்ணமியைத்தான். அதே காலண்டரில் எனக்கும் ஒரு கணக்கு ஓடுகிறது. மாதவிடாய்க்கு முந்தின வாரம் பாவாடை நாடா இரண்டு விரல் குறைந்துவிடும். குண்டாகிவிட்டோம் என்று பட்டினி கிடந்த முட்டாள்தனம் எல்லாம் செய்திருக்கிறேன்.

முதல் வேலை: மாதக் காலண்டர் ஒன்று எடுங்கள் (தினசரி காலண்டரைக் கிழித்தால் கணக்கும் போய்விடும்). ரத்தப்போக்கு தொடங்கும் நாளை வட்டமிடுங்கள். லேசான கறை கணக்கில்லை. ஒரு வட்டத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே 21 முதல் 35 நாள் வரை இருக்கலாம்.

இரண்டாவது: அடுத்து வரவேண்டிய தேதியிலிருந்து 14 நாள் பின்னால் எண்ணுங்கள். ஜூலை 3-இல் வந்து, 28 நாள் சுற்று என்றால் அடுத்தது 31. கருமுட்டை வெளியாவது ஏறத்தாழ 17. அதன்பின் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ஏறும். அது குடல் தசையைத் தளர்த்துவதால் சாப்பாடு மெதுவாக நகரும். வாயு, மலச்சிக்கல் எல்லாம் அதனால்தான். ஹார்மோன் ஏற்ற இறக்கத்தில் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பலருக்கும் ரத்தம் பட்ட முதல் நாளில் உச்சம். சில நாளில் வடிந்துவிடும்.

மூன்றாவது: பழைய நாடா ஒன்றைக் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, வெறும் வயிற்றில், தொப்புளைச் சுற்றிப் பிடித்துப் பேனாவால் கோடு போடுங்கள். வயிற்றை எக்கக் கூடாது! இரண்டு மாதம் போதும், உங்கள் வாரம் எது என்று கோடே சொல்லும்.

அந்த வாரத்தில் முதலில் குறைக்க வேண்டியது கருவாட்டை. நாள் முழுக்க உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருப்பது நல்லது. கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் ஊறுகாயும் சேர்ந்தால் அது மதியத்தோடு தீரும். கருவாட்டை விடவே முடியாது என்றால், வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனி உப்பு போடாமல் வையுங்கள்.

தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார், ஒதுங்க இடமில்லை என்று குடிக்காமலே இறங்குவார்கள், மலச்சிக்கல்தான் கூடும். சாயங்காலம் கொஞ்சம் நடந்தால் வாயு கலையும்.

மாதவிடாய் முடிந்தும் உப்புசம் வடியவில்லை, இரண்டு வாய்க்கே வயிறு நிறைகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். நாள் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனை முதலில். “கடைசியா எப்பம்மா குளிச்ச?” என்று கேட்பார்கள். மாதவிடாயைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். தலைக்குக் குளித்த நாளைச் சொல்லாதீர்கள். வட்டமிட்ட தேதியைச் சொல்லுங்கள்.