ஹார்ட் டிஸ்க் விலை ஏறிவிட்டது: புதிது வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

2025-இன் பிற்பகுதியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) சேர்ந்தே விலை ஏறத் தொடங்கின. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் டேட்டா சென்டர்கள் பெரிய டிஸ்க்குகளை மொத்தமாக வாங்குகின்றன. ஹார்ட் டிஸ்க் தயாரிக்கும் நிறுவனங்களோ உலகத்திலேயே மூன்றுதான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோதும் விலை இப்படி ஏறியது. அன்று உற்பத்தி குறைந்தது. இன்று தேவை கூடியிருக்கிறது.

விலையைப் பார்த்துவிட்டுப் பலர் முதலில் கைவிடுவது பேக்கப் டிஸ்க்கைத்தான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். குறைக்க வேண்டியது குப்பையை. இரண்டாவது நகலை அல்ல. கீழே உள்ள வரிசையில் செய்து பாருங்கள்.

படி 1: இடம் எங்கே போகிறது என்று பாருங்கள்

விண்டோஸில் விண்டிர்ஸ்டாட், லினக்ஸில் டிஸ்க் யூசேஜ் அனலைசர், மேக்கில் கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ். மூன்றும் இலவசமாகக் கிடைக்கும் நிரல்கள். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று படமாகவே காட்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரும், பழைய போனிலிருந்து அவசரத்தில் இறக்கி வைத்த மொத்த நகலும்தான் பெரும்பாலும் முதலில் நிற்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பதைக் கையால் அழிக்க வேண்டாம். அதற்கு டிஸ்க் கிளீனப் இருக்கிறது.

படி 2: ஒரே கோப்பின் பல நகல்களை நீக்குங்கள்

டூப்குரு போன்ற நிரல் உள்ளடக்கத்தை ஒப்பிட்டு ஒரே மாதிரியான கோப்புகளைக் கண்டுபிடித்துத் தரும். இதில் ஒரு ஆபத்து உண்டு. கணினியையும் பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்து ஒரே தேடலில் கொடுத்தால், உங்கள் பேக்கப் முழுவதையும் "நகல்" என்றுதான் அது சொல்லும். யோசிக்காமல் அழித்தால் பேக்கப் போய்விடும். அதனால் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, கணினியில் மட்டும் தேடுங்கள்.

படி 3: பெரிய வீடியோக்களைச் சுருக்குங்கள்

ஹேண்ட்பிரேக் என்ற நிரலில், எச்.264 என்ற பழைய சுருக்க முறையில் உள்ள வீடியோவை எச்.265 என்ற புதிய முறைக்கு மாற்றினால், ஏறத்தாழ அதே தரத்தில் அளவு பாதிக்குப் பக்கமாகக் குறையலாம். பாடங்கள், திரைப் பதிவுகள் போன்றவற்றுக்கு இது போதும். குடும்ப வீடியோக்களின் அசலைத் தொடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் தரம் போகும், போனது திரும்பாது. ஜேபெக் படங்களை ஜிப் செய்வதில் பலனில்லை, அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை.

படி 4: எதை எங்கே வைப்பது

தினமும் தொடும் வேலை எஸ்எஸ்டியில் இருக்கட்டும். எப்போதாவது மட்டும் திறப்பவை ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும். எஸ்எஸ்டியும் பென் டிரைவும் தரவை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கின்றன. மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அது கசிந்துபோக வாய்ப்புண்டு.

க்ளவுட் நல்லதுதான், ஆனால் கட்டணம் நிற்காது. முக்கியமான ஆவணங்களும் தேர்ந்தெடுத்த படங்களும் மட்டும் அங்கே போகட்டும். சிங்க் (இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருக்கும் வசதி) என்பது பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ப்ளூ-ரே டிஸ்க் ஓர் அடுக்குக்கு 25 ஜிபி கொள்ளும், ஓர் அடுக்கு டிஸ்க் என்றால் 1 டிபிக்கு 40 வேண்டும். தரவை எழுதி வைக்கும் காந்த நாடாவான டேப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: எல்டிஓ-9 வகை டேப் ஒன்றில் 18 டிபி வரை எழுதலாம், ஆனால் அதை எழுதும் டிரைவின் விலை வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

படி 5: பழைய டிஸ்க்கைச் சோதித்துப் பயன்படுத்துங்கள்

இந்தப் படியில் அவசரமே வேண்டாம். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 2.5 அங்குல சாட்டா டிஸ்க்கை (சாட்டா என்பது சாதாரண கணினிகளில் டிஸ்க்கை இணைக்கும் முறை) ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் வெளி டிஸ்க் தயார். 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி பவர் அடாப்டருடன் வரும் கேஸ் வேண்டும்.

மாட்டியதும், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற விண்டோஸ் நிரலைத் திறந்து 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சின்னப் பகுதிகள்), சந்தேகத்தில் இருப்பவை, சரிசெய்ய முடியாதவை என்று அவை முறையே சொல்லும். மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் முக்கியமான எதையும் அதில் வைக்காதீர்கள். அந்த எண்கள் முதலில் எழுத்துகளும் கலந்த பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில்தான் தெரியும், நிரலின் அமைப்பில் வழக்கமான தசம முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓடிய மணிநேரமும் மேலே தெரியும். ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் 8,760 மணிநேரம் என்பதை வைத்து வயதைக் கணக்கிடலாம்.

இந்த எண்களை அழித்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் செகண்ட் ஹேண்ட் டிஸ்க் என்றால் டிஸ்க் முழுவதும் எழுதிப் பார்க்கும் சோதனை அவசியம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இவை டிஸ்க் நிறையும் வரை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். பெரிய டிஸ்க்குக்கு ஒரு நாள்கூட ஆகலாம், ஓடவிட்டுவிடுங்கள். நம்ப முடியாத மலிவு விலையில் வரும் 16 டிபி பென் டிரைவ் போன்ற போலிகளும் இதில் மாட்டிக்கொள்ளும்.

படி 6: வாங்கியே ஆக வேண்டும் என்றால்

மொத்த விலையைக் கொள்ளளவால் வகுத்து, ஒரு டிபிக்கு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். 1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்று தெரியும். அது ஏமாற்று அல்ல, கணக்கிடும் முறை வேறு. அடிக்கடி எழுதும் வேலைக்கு சிஎம்ஆர் வகை (தரவுத் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படாதது) ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படும் எஸ்எம்ஆர் வகை தொடர்ந்து எழுதும்போது மிகவும் மெதுவாகும். சர்வரிலிருந்து கழற்றிய டிஸ்க் மலிவாகக் கிடைத்தால் அது சாட்டாதானா என்று பாருங்கள். சர்வர்களுக்கான எஸ்ஏஎஸ் இணைப்பு வகை சாதாரண கணினியில் மாட்டாது.

படி 7: நகர்த்தும் வரிசை

கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். முதலில் காப்பி செய்யுங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். டிஸ்க்கைப் பாதுகாப்பாகக் கழற்றி மீண்டும் மாட்டி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். முக்கியமானவற்றை இன்னொரு டிஸ்க்கிலோ க்ளவுடிலோ ஏற்றிவிட்டு, அதன் பிறகு கணினியில் இருப்பதை அழியுங்கள்.