'மேல' என்றால் எந்தப் பக்கம்? ஸ்கெட்சைப் படிக்கும் கணினி மாதிரி (மாடல்) எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாளில் கோடு இழுத்துக்கொண்டே வழி சொல்பவரின் படத்தையும் பேச்சையும் கணினி எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்ளும்? இதைச் செய்யும் கணினி மாதிரி எழுத வருகிறவர்கள் எல்லோரும் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். திரையில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளரும் என்பது போன்ற சறுக்கல்கள் முதல் நாளே தெரிந்துவிடும். அவை இங்கே வேண்டாம்.

## மேலயும் கீழயும்

வேலையை முழுதாகத் திரும்பச் செய்ய வைக்கும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் திரும்ப வருவதும் இதுதான்.

'மேல' என்ற சொல் வந்தால் ஒய் மதிப்பை ஒப்பிடு, 'கீழ' வந்தால் திருப்பி ஒப்பிடு என்று இரண்டு வரி விதி எழுதிவிடுகிறார்கள். பிறகு திருநெல்வேலி டவுணில் ஒருவர், "அண்ணாச்சி, கீழ ரத வீதி வழியா வந்து தெக்க திரும்புங்க, மேல இருக்கது நம்ம வீடு" என்கிறார். கீழ ரத வீதி கோயிலுக்குக் கிழக்கே இருப்பது. 'மேல இருக்கது' மேற்குப் பக்க வீடாகவும் இருக்கலாம், மாடி வீடாகவும் இருக்கலாம். விதியோ வீதியைத் தாளின் அடியிலும் வீட்டைத் தாளின் உச்சியிலும் தேடுகிறது. இந்த விதியை நம்பினால் மேலப்பாளையத்தை மேட்டில் ஏற்றி வைக்க வேண்டியதுதான். பாளையங்கோட்டைக்கு மேற்கே இருப்பதால் அது மேலப்பாளையம்.

இந்த மண்ணில் இரு பொருளும் ஒட்டியே கிடக்கின்றன. மேற்கே பொதிகை உயர்ந்து நிற்கிறது. தாமிரபரணி அங்கிருந்து இறங்கிக் கிழக்கே கடலுக்குப் போகிறது. ஆற்றங்கரையில் நின்று 'மேல போ' என்றால் மேற்கே போவதும் மேட்டுக்குப் போவதும் ஒன்றுதான். தாளில்தான் இரண்டும் பிரியும். வடக்கு மேலே வரும்படி வரைந்த படத்தில் மேற்கு இடப்பக்கம், ஆகவே பிழை சரியாகத் தொண்ணூறு பாகை. அதிலும் வழி வரைகிறவர் எல்லோரும் வடக்கை மேலே வைப்பதில்லை. தாம் வரும் சாலையைத் தாளின் அடியிலிருந்து தொடங்குபவர்கள் நிறைய.

மொத்தத்தில் எத்தனை சதவீதம் சரி என்று மட்டும் பார்த்தால் இந்தப் பிழை கண்ணில் படாது. 'மேசை மேல டம்ளர்' வகை வாக்கியங்கள் நிறைய இருந்தால் அவை மதிப்பெண்ணைத் தூக்கிவிடும். மாதிரியைச் சோதிக்க வைத்த படத்தாள்களை வீட்டுப் பொருள், தெருவழி என இரண்டாகப் பிரித்து மதிப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும். அதற்குள் கணினிக்குக் கற்றுத்தரும் எல்லா வாக்கியங்களுக்கும் 'மேலே' என்ற ஒரே லேபிள் (பொருள் குறிப்பு) ஒட்டியிருப்பார்கள். எது மேற்கு, எது உயரம் என்று பிரிக்க லேபிளில் வழி இருக்காது. ஒவ்வொரு தாளாகத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இடம் சொல்லும் முறைகளுக்கு மொழியியலாளர் லெவின்சன் வகுத்த மூன்று சட்டகங்களை லேபிளிலேயே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை: பொருளின் சொந்த முகத்தை வைத்துச் சொல்வது (கோயிலுக்கு முன்னால), பார்ப்பவரை வைத்துச் சொல்வது (இடது பக்கம்), திசையை வைத்துச் சொல்வது (தெக்க). இவற்றோடு தரையிலிருந்து உயரம், தாளின் மேல்விளிம்பு ஆகிய இரண்டையும் தனித்தனிப் புலமாக (பதிவில் தனிக் கட்டமாக) வையுங்கள். முதலில் சட்டகம், பிறகு உறவு என்ற வரிசையில் லேபிள் இடுங்கள். இருவர் இடட்டும், அதில் ஒருவர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும். 'மேல' ஊர்ப்பெயர், தெருப்பெயருக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் மேற்கு. 'அதன் மேல்' என்று பின்னால் வந்தால் உயரம் அல்லது பரப்பு. 'மேல வீடு' எதுவென்று வரைந்தவரையே கேளுங்கள்.

வடக்கை வரைந்து முடித்த பிறகு குறிக்கச் சொல்லுங்கள். முன்னாலேயே கேட்டால் அவர் பள்ளிக்கூட வரைபடம் போட ஆரம்பித்துவிடுவார்.

எல்லாத் தமிழரும் ஒரே மாதிரிப் பேசுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். மொழியியலாளர் எரிக் பெடர்சன் 1990-களில் தமிழ்நாட்டில் செய்த ஆய்வில் கிராமத்தார் திசையையும் நகரத்தார் இடம் வலத்தையும் அதிகம் நாடினார்கள். மொழி ஒன்று, பழக்கம் இரண்டு. வரைபவரின் ஊரை ஒரு புலமாகச் சேருங்கள்.

## எது எதற்கு மேற்கு

பத்திரத்தில் நான்குமால் (நிலத்தின் நான்கு எல்லை) எழுதும்போது 'வாய்க்காலுக்கு மேற்கு' என்றால் நிலம்தான் மேற்கே, வாய்க்கால் அதன் கிழக்கு எல்லை. 'மேற்கே வாய்க்கால்' என்பது இதற்கு நேர் எதிர். வாக்கியத்தில் 'மேற்கு' என்ற சொல்லை மட்டும் பொறுக்கும் நிரல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், பிழை நூற்றெண்பது பாகை. 'க்கு' ஒட்டிய சொல்தான் ஆதாரப் பொருள், அதாவது எதை வைத்து இடம் சொல்கிறோமோ அது. அதை முதலில் பிடியுங்கள்.

## ஒரே தாள், இரண்டு பார்வை

சாலையை வானத்திலிருந்து பார்த்ததுபோல் வரைபவர், அதே தாளில் கோபுரத்தை எதிரே நின்று பார்த்ததுபோல் வரைவார். ஒரே பார்வை என்று கொண்டால் கோபுரம் வடக்கே நீண்ட கட்டடமாகிவிடும். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை மேலிருந்து வரைந்தால் இரண்டு அடுக்கும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒரே பட்டையாகும். 'கீழ்ப்பாலம்' என்ற சொல்லுக்குத் தாளில் இடமே இருக்காது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கென் ஃபோர்பஸ் குழு செய்த காக்ஸ்கெட்ச் என்ற ஸ்கெட்ச் மென்பொருள், எந்தப் பார்வை, எந்த உருவம் என்ன பொருள் என்பதை வரைபவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளும். அது சோம்பல் அல்ல. நிஜத்திலும் மனிதர்கள் வரையும்போது வாயால் சொல்லிக்கொண்டேதான் வரைகிறார்கள். நீங்கள் ஒவ்வொரு உருவத்துக்கும் தனித்தனியாகப் பார்வையைக் குறியுங்கள்.

## தொட்டதா, தொடவில்லையா

1992-ல் ராண்டெல், சுயி, கோன் தந்த ஆர்.சி.சி-8 முறையில் இரு பரப்புகளுக்கிடையே எட்டு உறவுகள்: விலகி, தொட்டு, பாதி மேற்படிந்து, விளிம்பைத் தொட்டபடி உள்ளே, தொடாமல் உள்ளே, இந்த 'உள்ளே' இரண்டின் தலைகீழ், இரண்டும் ஒன்றே. இதைப் பிக்சல் மீது நேராக ஓட்டினால் 'தொட்டு' என்பது அநேகமாக வரவே வராது. கைக்கோடு ஒன்று சற்றுத் தள்ளி நிற்கும், அல்லது சற்று உள்ளே போயிருக்கும். முதலில் மூடாத வளையங்களை மூடுங்கள். பிறகு சின்ன உருவத்தின் குறுக்களவில் இருபதில் ஒரு பங்கு வரையான இடைவெளியையோ மேற்படிவையோ 'தொட்டு' என்றே கொண்டு தொடங்கி, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். நிலையான பிக்சல் எண் வேண்டாம்: வீட்டுக்குப் பொருந்துவது கிணற்றுக்குப் பொருந்தாது.

## 'இல்' உருபு

பாத்திரத்தில் பால், சுவரில் படம், கிளையில் குருவி. மூன்றுக்கும் ஒரே உருபு, உறவோ வேறு வேறு. ஆங்கிலத் தரவின் 'in' (உள்ளே) லேபிளை மூன்றுக்கும் அப்படியே இறக்கிவிட்டால் சுவருக்குள் படம் புதையும்.

## மையப்புள்ளி மோகம்

பொருளின் மையத்தை மட்டும் வைத்து 'மேலே' கணக்கிடுவது நீளமான பொருளில் உதைக்கும். பாலத்தின் ஒரு முனைக்கு நேர்மேலே பறக்கும் காக்கை மையத்திலிருந்து பார்த்தால் சாய்ந்து தெரியும், மனிதர் அதை 'மேலே' என்றே சொல்வார். ரெஜியரும் கார்ல்சனும் 2001-ல் தந்த கவனத் திசையன் கூட்டு மாதிரியைப் படித்துவிட்டு எழுதுங்கள். அது ஆதாரப் பொருளின் ஒரே புள்ளியோடு நிற்பதில்லை. பல புள்ளிகளிலிருந்து திசையன்களைக் கவனத்தின் எடையோடு கூட்டும்.

## பொதுத் தரவை நம்புவது

கூகுளின் குவிக் டிரா படத் தொகுப்பில் 345 வகைகள், 5 கோடிப் படங்கள். ஆனால் ஒவ்வொன்றும் இருபது நொடிக்குள் இயந்திரம் கண்டுபிடிப்பதற்காக வரைந்த ஒற்றைப் பொருள். இடஉறவு படிக்க அதில் அநேகமாக ஒன்றும் இல்லை. கோட்டின் நேரமும் வேண்டுமென்றால் மூலக் கோப்பை எடுங்கள். எளிமையாக்கிய கோப்பில் நேரத்தை நீக்கி, எல்லாவற்றையும் 0 முதல் 255-க்குள் சுருக்கியிருப்பார்கள்.

## படமாகச் சேமிப்பது

வேண்டாம். கோடுகளாக, வரைந்த வரிசையோடு சேமியுங்கள். கோயிலை முதலில் வரைந்தாரா வீட்டை முதலில் வரைந்தாரா என்பதே எது ஆதாரப் பொருள் என்று காட்டிக்கொடுக்கும்.

## பயிற்சியும் சோதனையும்

ஒருவர் வரைந்த தாள்கள் பயிற்சித் தொகுப்பு, சோதனைத் தொகுப்பு இரண்டிலும் வரக் கூடாது.