இனுக்டிடுட் எழுத்து ஒன்றைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

கனடாவின் வடகோடியில் நுனாவுட் பகுதி இனுயிட் மக்கள் பேசும் மொழி இனுக்டிடுட். அதன் அசையெழுத்தில் முக்கோணத்தின் முனை மேலே பார்த்தால் ‘இ’, வலப்பக்கம் பார்த்தால் ‘உ’, இடப்பக்கம் பார்த்தால் ‘அ’. மெய் சேர்ந்தாலும் இதே கதைதான்: வடிவம் மெய்யைச் சொல்லும், திரும்பிய திசை உயிரைச் சொல்லும். அழகான ஏற்பாடு! இதில் ‘இ’யை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1. எண்ணைக் கண்டுபிடியுங்கள்

கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொதுப் பட்டியல்தான் யூனிகோட். கிரீ, ஓஜிப்வே, இனுக்டிடுட் போன்ற கனடாப் பழங்குடி மொழிகளுக்கான அசையெழுத்துகள் 1999இல் வந்த யூனிகோட் 3.0இல் ஒரே தொகுதியாகச் சேர்ந்தன. நம் ‘இ’யின் இடம் பதினறும முறையில் 1403, சாதாரண எண்ணில் 5123. முக்கோணம் ஒன்றே என்றாலும் திசைக்குத் திசை தனி எண்: ‘உ’ 5125, ‘அ’ 5130. தமிழில் ‘கி’ என்றால் ககரம், இகரக் குறி என இரண்டு குறியெண்கள். அங்கே ‘கி’ முழுசாக ஒரே எண், 5229.

2. திரையில் பாருங்கள்

நோட்பேடில் ᐃ என்று மட்டும் தட்டி, எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்து உலாவியில் திறங்கள். முக்கோணம் தெரிந்தால் சரி. வெறும் கட்டம் தெரிந்தால் எண்ணில் பிழையில்லை, எழுத்துருதான் இல்லை. ‘நோட்டோ சான்ஸ் கனேடியன் அபொரிஜினல்’ இலவசமாகக் கிடைக்கிறது, நிறுவிக்கொள்ளுங்கள்.

3. பைட்டாக மாற்றுங்கள்

இதை ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள், அப்புறம் யூனிகோட் எண்ணைப் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறை பற்றிய பயமே போய்விடும். 5123ஐ 4096ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 1027. அந்த மீதியை 64ஆல் வகுத்தால் ஈவு 16, மீதி 3. கிடைத்த 1, 16, 3 மூன்றையும் வரிசையாக 224, 128, 128 உடன் கூட்டுங்கள்: 225, 144, 131. கோப்பில் உட்காருவது இந்த மூன்று பைட்கள்தான்.

சரிபார்க்க, உலாவியில் தெரியும் எழுத்தை நகலெடுத்துப் புதிய நோட்பேட் கோப்பில் ஒட்டி, யூடிஎஃப்-8ஆகச் சேமியுங்கள். கோப்பின் அளவு 3 பைட் இருக்க வேண்டும். 6 என்று காட்டினால், கோப்பின் தொடக்கத்தில் ‘பாம்’ என்ற அடையாளக் குறி 3 பைட் சேர்ந்திருக்கிறது. பாம் இல்லாத யூடிஎஃப்-8ஆக மாற்றிச் சேமித்தால் போதும்.

4. போலிகளை விலக்குங்கள்

கிரேக்க டெல்டாவும் பார்க்க இதே முக்கோணம்தான். அதன் எண் 916. அவசரத்துக்கு அதைப் போட்டுவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடலில் அந்தச் சொல் அகப்படாது. ஒருவருடைய பெயரில் இப்படி நேர்ந்தால் அந்த ஆளே பட்டியலில் இல்லாதவர் ஆகிவிடுவார்.

பழைய கோப்புகளிலும் கவனம் வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய நுனாகாம் எழுத்துருவில் ‘டபிள்யூ’ விசையைத் தட்டினால் ‘இ’ தெரியும். சேமிக்கப்படுவதோ ஆங்கில எழுத்து. ‘இனுயிட்’ என்ற சொல் உள்ளே ‘டபிள்யூ, கே, டபிள்யூ, 5’ என்றுதான் கிடக்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்புகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த நோவு தெரியும். அத்தகைய கோப்புக்கு எழுத்துருவை மாற்றினால் போதாது, ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய யூனிகோட் எண்ணுக்கு மாற்ற வேண்டும்: சிறிய ‘டபிள்யூ’ வரும் இடமெல்லாம் 5123.